கூலியை விட்டால்தான் டாக்டரா?

ஆலைத் தொழிலாளிக்குக் காய்ச்சல் வந்தால் என்ன நடக்கிறது? இ.எஸ்.ஐ. டிஸ்பென்சரிக்குப் போகிறார். டாக்டர் பார்க்கிறார், மருந்து கொடுக்கிறார், ஒரு வாரம் வேலைக்குப் போக வேண்டாம் என்று சீட்டும் எழுதித் தருகிறார். முறையாகச் சந்தா கட்டியவருக்கு, படுத்திருந்த நாட்களுக்கும் சம்பளத்தில் நூற்றுக்கு 70 வீதம் உண்டு. ஆண்டுக்கு 91 நாள் வரை உண்டு. யாரும் இரக்கப்பட்டுக் கொடுத்ததல்ல இது. 1948ல் சட்டமாகி, 1952ல் கான்பூரிலும் டெல்லியிலும் அமலுக்கு வந்து, 1955ல் கோவைத் தொழிலாளர்களை எட்டிய உரிமை. டிஸ்பென்சரியில் மருந்தில்லை, டாக்டர் முகம் பார்த்துப் பேசுவதில்லை என்று நமக்கு ஆயிரம் குறைகள் உண்டு. இருக்கட்டும். குறை சொல்லவாவது ஒரு டிஸ்பென்சரி இருக்கிறதல்லவா?

திருத்துறைப்பூண்டிப் பக்கத்தில் நாற்று நடும் ஒரு அம்மாளை இப்போது நினைத்துப் பாருங்கள். அவருக்கும் அதே காய்ச்சல்தான். ஆரம்ப சுகாதார நிலையத்தில் வைத்தியம் இலவசம், வாஸ்தவம். 2021 முதல் டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட்டும் இல்லை. அதுவும் நல்ல காரியம். ஆனால் ஓ.பி. சீட்டு கொடுப்பது காலையில். நடவு நடப்பதும் காலையில். டாக்டரைப் பார்க்கப் போனால் அன்றையக் கூலி போயிற்று. இரத்தப் பரிசோதனை முடிவுக்கு நாளைக்கு வா என்றால் நாளையக் கூலியும் போயிற்று. இரண்டு நாள் வராதவருடைய இடத்தில் நடவுக் கோஷ்டி வேறு ஆளைச் சேர்த்துக்கொள்ளும். மூன்றாம் நாள் போனால் வேலை இல்லை. ஆகவே அந்த அம்மாள் என்ன செய்கிறார்? பெட்டிக்கடையில் ஒரு மாத்திரை வாங்கி விழுங்கிவிட்டு, மறுபடி சேற்றில் இறங்குகிறார்.

நாலு மைல் தூரம் நடப்பது பெரிய காரியமல்ல. அந்தக் கால்கள் நடக்கப் பழகிய கால்கள். அவருக்கும் டாக்டருக்கும் நடுவில் நிற்பது ஒரு நாள் கூலி. கிராமத்துக்கு வைத்தியம் கொண்டுபோகிறோம் என்று எந்தத் திட்டம் வந்தாலும் நாம் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான்: இது அந்தக் கூலியைக் காப்பாற்றுமா?

2011ஆம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்கில் இந்தியாவில் விவசாயக் கூலித் தொழிலாளர் 14 கோடியே 43 லட்சம் பேர். தமிழ்நாட்டில் மட்டும் ஏறத்தாழ 96 லட்சம் பேர். காய்ச்சலில் படுத்த நாளுக்குக் கூலி தருகிற அட்டை இவர்கள் கையில் இல்லை. அது வரும்வரை கேட்டுக்கொண்டே இருப்போம். ஆனால் அதுவரை காய்ச்சல் காத்திருக்காது. ஆகையால்தான் இன்று தொலைமருத்துவம் என்கிற சங்கதியை எடுத்துக்கொள்கிறோம். அதாவது டாக்டர் ஓரிடத்திலும் நோயாளி வேறிடத்திலும் இருக்க, கம்பியில்லாத் தொடர்பில் முகம் பார்த்துப் பேசி வைத்தியம் செய்கிற முறை.

பழைய சங்கதிதான்

"இதெல்லாம் பணக்காரர் விளையாட்டு" என்று சில தோழர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். அப்படியல்ல. ஆஸ்திரேலியாவின் உட்பகுதியில் நூற்றுக்கணக்கான மைலுக்கு ஒரு டாக்டர்கூட இல்லாத மாட்டுப் பண்ணைகள். அங்கே வேலை செய்தவர்களுக்காக ஜான் ஃபிளின் என்ற பாதிரியார் 1928ல் குளோன்கரி என்ற ஊரில் பறக்கும் டாக்டர் சேவையைத் தொடங்கினார். விமானம் மட்டும் போதவில்லை. டாக்டரைக் கூப்பிட வேண்டுமே! டிரேகர் என்ற மெக்கானிக் சைக்கிள்போல் காலால் மிதித்தால் மின்சாரம் பிறக்கும் ரேடியோ ஒன்றைச் செய்தார். 1929 முதல் அது பண்ணைகளுக்குப் போயிற்று.

அதைவிடக் கெட்டிக்கார வேலை ஒன்று பிறகு நடந்தது. பண்ணைதோறும் ஒரு மருந்துப் பெட்டி. 1942 முதல் அதில் இருந்த ஒவ்வொரு மருந்துக்கும் ஒரு நம்பர். டாக்டர் ரேடியோவில் நோயைக் கேட்டுவிட்டு, இந்த நம்பர் மாத்திரையில் இத்தனை கொடு என்பார். மருந்தின் பெயரை வாசிக்கத் தெரியாதவரும் நம்பரைப் பார்த்து எடுத்துக் கொடுக்கலாம். அவர்கள் டாக்டரின் குரலை மட்டும் அனுப்பவில்லை என்பதைத் தோழர்கள் கவனிக்க வேண்டும். குரல் போய்ச் சேரும் இடத்தில் மருந்து முன்னதாகவே போய்க் காத்திருந்தது.

நம் பக்கத்திலேயே உதாரணம் உண்டு. 2005 வாக்கில் தேனி மாவட்டத்தில் அரவிந்த் கண் மருத்துவமனை சிற்றூர்களில் பார்வை மையங்களைக் கம்பியில்லாத் தொடர்பு மூலம் இணைத்தது. மையத்தில் பயிற்சி பெற்ற பெண் ஒருவர் கருவி வைத்துக் கண்ணைச் சோதிப்பார். தேனியிலிருந்து டாக்டர் திரையில் பேசுவார். கண்ணாடிதான் வேண்டும் என்றால் உள்ளூரிலேயே கிடைக்கும். அறுவை வேண்டியவர் மட்டும் ஆஸ்பத்திரிக்குப் போனால் போதும். கண் பார்க்கப் போய் வெறுங்கையோடு திரும்பிய அலைச்சல் மிச்சம்.

சர்க்கார் செய்தது என்ன? மத்திய சுகாதார அமைச்சகம் 2019 நவம்பரில் இ-சஞ்சீவனி என்ற ஏற்பாட்டைத் தொடங்கியது. அதில் இரண்டு வழி. ஒன்று, துணைச் சுகாதார நிலையத்தில் நர்ஸ் பக்கத்தில் இருந்து நோயாளியை டாக்டரிடம் காட்டுவது. இன்னொன்று, கொரோனா ஊரடங்கில் 2020 ஏப்ரலில் வந்தது: வீட்டிலிருந்தே செல்போனில் டாக்டரைக் கூப்பிடுவது. 2023 பிப்ரவரியில் மொத்த ஆலோசனைகள் 10 கோடியைத் தாண்டின. வந்தவர்களில் நூற்றுக்கு 57 பேருக்கு மேல் பெண்கள்.

இதில் பாடம் ஒன்று ஒளிந்திருக்கிறது. அந்த 10 கோடியில் மிகப் பெரும் பகுதி எந்த வழியில் வந்தது தெரியுமா? நர்ஸ் வழியில். செல்போன் வழியில் வந்தது சொற்பம். ஏன்? 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பைப் புரட்டினால் பதில் கிடைக்கிறது. இன்டர்நெட்டை ஒரு தடவையேனும் பயன்படுத்தியிருந்த பெண்கள் நாட்டில் நூற்றுக்கு 33 பேர். கிராமத்துப் பெண்களில் 25 பேர்கூட இல்லை. பிறகு ஜனங்களின் கையில் போன் பெருகியது வாஸ்தவம். ஆனால் வீட்டில் இருக்கும் ஒரு நல்ல போன் மகன் கையில் இருக்கும்; மகன் திருப்பூரில் இருப்பான். ரகசிய எண் அந்தப் போனுக்கு வரும். அம்மாள் இங்கே வயலில் நிற்பார். இதற்குப் பெயர் வசதியா?

ஆகவே "ஆப் இருக்கிறது, இறக்கிக்கொள்" என்று சொல்லிவிட்டுப் போகிறவர்களிடம் நாம் ஏமாறக் கூடாது. கட்டணத்துக்கு டாக்டரைக் காட்டுகிற கம்பெனிகளுக்கு அது பிழைப்பு. கூலித் தொழிலாளிக்கு வேண்டியது திரைக்கு இந்தப் பக்கம் ஒரு கை. நாடி பிடிக்க, இரத்த அழுத்தம் பார்க்க, ஊசி போட, மாத்திரை எடுத்துக் கொடுக்க ஒரு கை.

நர்சம்மா சொல்லும் ஒரு வாக்கியம்

அந்தக் கை எவ்வளவு பெரியது என்பதற்கு எலிக்காய்ச்சலே சாட்சி. வயல் தண்ணீரில் எலியின் சிறுநீர் கலந்திருக்கும். காலில் வெடிப்பு, வரப்பில் கிழித்த கீறல். அது வழியாகக் கிருமி உடம்பில் ஏறும். காய்ச்சல், தலைவலி, கண் சிவப்பு, கெண்டைக்கால் சதையைத் தொட்டாலே உயிர் போகும் வலி. ஆரம்பத்தில் பிடித்தால் டாக்சிசைக்ளின் என்ற மலிவான மாத்திரையிலேயே அடங்கும். விட்டுவிட்டால் மஞ்சள் காமாலை, சிறுநீரகக் கோளாறு என்று ஆளையே கொண்டுபோகும்.

தொலைவில் உட்கார்ந்திருக்கும் டாக்டர் நல்லவராகவே இருக்கட்டும். நோயாளி "காய்ச்சல் ஐயா" என்று ஒரு வார்த்தை சொல்லி நிறுத்திக்கொள்வார். நம் ஜனங்கள் டாக்டரிடம் அவ்வளவுதான் பேசுவார்கள். காய்ச்சல் மாத்திரை எழுதப்படும். பக்கத்தில் அந்த ஊர் நர்சம்மா நின்றால்? "டாக்டர், இவங்க நாலு நாளா நடவுத் தண்ணியிலேயே நின்னவங்க, கெண்டைக்கால் வலிக்குதுங்கிறாங்க" என்று ஒரு வாக்கியம் சொல்வார். அந்த ஒரு வாக்கியத்தில் வைத்தியமே மாறிப்போகும்.

மருந்தடிக்கும் தொழிலாளிக்கு இது இன்னும் அவசரம். 2017ல் மகாராஷ்டிரத்தில் யவத்மால் மாவட்டப் பருத்திக் காடுகளில் பூச்சிமருந்து தாக்கி 20க்கு மேற்பட்டோர் செத்தார்கள். முகமூடி இல்லை, கையுறை இல்லை. காற்றடித்த பக்கமெல்லாம் மருந்து. பூச்சிமருந்துகளில் பெரிய வகையொன்றின் நஞ்சு ஏறினால் கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கும், எச்சில் வழியும், வியர்வை கொட்டும், மூச்சு இரையும். இதைத் திரையில் வைத்துக் குணப்படுத்த முடியாது. அட்ரோப்பின் ஊசியும் ஆஸ்பத்திரிப் படுக்கையும் வேண்டும். ஆனால் 108 வண்டி வருகிற வரைக்கும் அரை மணி நேரம் இருக்கிறதே! துணை நிலையத்து நர்ஸ் அந்த டப்பாவைத் திரைக்கு நேரே பிடித்தால் டாக்டர் பெயரை வாசித்துவிடுவார். டப்பாவில் சிவப்பு முக்கோணம் இருந்தால் கடும் நஞ்சு என்பது தெரிந்துவிடும். சட்டையைக் கழற்று, உடம்பைச் சோப்புப் போட்டுக் கழுவு, ஒருக்களித்துப் படுக்க வை என்று சொல்லலாம். எந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது என்று அப்போதே தீர்மானித்து, அங்கே மருந்தைத் தயாராக வைக்கச் சொல்லலாம். இப்போதோ டப்பா வயலில் கிடக்கும், ஆள் ஆஸ்பத்திரியில் கிடப்பார். என்ன மருந்து என்று கேட்டால் கூட வந்தவருக்குத் தெரியாது. மருந்து வாங்கிக் கொடுத்த நிலக்காரரைக் காணோம்.

பாம்பும் பயமும்

பாம்புக்கடியைச் சொல்லாமல் விவசாயத் தொழிலாளியின் வைத்தியத்தைப் பேசினால் அது பேச்சேயல்ல. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் ஆண்டுக்குச் சராசரி 58,000 பேர் இறந்ததாக 2020ல் வெளியான ஆராய்ச்சி மதிப்பிட்டது. பெரும்பாலும் கிராமத்து ஜனங்கள், பெரும்பாலும் மழைக்காலத்தில். 2017ல் உலக சுகாதார நிறுவனம் இதைக் கவனிப்பாரற்ற நோய்களின் பட்டியலில் சேர்த்தது. தமிழ்நாட்டில் 2024 நவம்பரில்தான், 1939ஆம் ஆண்டு பொதுச் சுகாதாரச் சட்டத்தின்கீழ், பாம்புக்கடி வந்தால் சர்க்காருக்குத் தெரிவித்தே தீரவேண்டும் என்று உத்தரவாயிற்று. சட்டம் பிறந்து 85 வருஷம் கழித்து!

நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன். இந்த நான்கின் விஷத்துக்கும் சேர்த்து ஒரே மருந்து இந்தியாவில் செய்யப்படுகிறது. அதற்கு விஷம் எடுத்துக் கொடுப்பதில் பெரும்பங்கு நம் இருளர் தோழர்களுடையது. மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் வடநெம்மேலியில் இயங்கும் அவர்களுடைய கூட்டுறவுச் சங்கம் 1978ல் அமைந்தது. மருந்து இருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்துக் குளிர்பெட்டியிலும் இருக்கவேண்டியது அது. பின் ஏன் சாவு?

தாமதத்தில் பாதி வெளியே நடக்கிறது: மந்திரம், கயிறு கட்டுதல், வண்டிக்கு அலைதல். மீதிப் பாதி ஆஸ்பத்திரிக்கு உள்ளேயே நடக்கிறது. இதை யாரும் உரக்கச் சொல்வதில்லை. படித்து முடித்து வந்த இளம் டாக்டர், இரவில் தனியாக இருக்கிறார். விஷமுறி மருந்தே சிலருக்கு ஒவ்வாமையாகி மூச்சை அடைக்கும். கொடுத்து ஏதாவது ஆகிவிட்டால்? ஊர் ஜனம் வெளியே நிற்கிறது. ஆகவே "பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ" என்று சீட்டு எழுதப்படுகிறது. அந்தப் பயணத்தில் ஒரு மணி நேரம் போகிறது. சிலருக்கு உயிரும் போகிறது. அந்த டாக்டரை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. அவரைத் தனியாக விட்ட ஏற்பாட்டைச் சொல்ல வேண்டும்.

தொலைமருத்துவம் என்றால் நோயாளியும் டாக்டரும் பேசுவது மட்டும் என்று நினைக்கிறோம். டாக்டருக்கும் டாக்டருக்கும் நடுவிலும் அது வேண்டும். மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் இரவு பகலாக ஒரு அனுபவசாலி திரைக்கு முன்னால் இருக்கட்டும். "கண்ணிமை சரிகிறதா பாருங்கள். சுத்தமான கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் இரத்தம் எடுத்து இருபது நிமிஷம் ஆட்டாமல் வையுங்கள். உறையவில்லையென்றால் விரியன் விஷம் வேலை செய்கிறது. மருந்தை ஏற்றுங்கள், ஒவ்வாமை வந்தால் அட்ரினலின் கையில் இருக்கட்டும், நான் கூடவே இருக்கிறேன்" என்று அவர் சொல்லட்டும். அந்தக் கடைசி வார்த்தைக்காகவே இந்தத் தொடர்பு வேண்டும். இருபது நிமிஷச் சோதனைக்கு வேண்டியது ஒரு குழாயும் ஒரு கடிகாரமும்தான். துணிச்சல்தான் பற்றாக்குறை. அதைக் கம்பியில்லாமலே அனுப்பலாம்.

நம்மில் ஒரு சந்தேகம்

"டாக்டர் போடாமல் தப்பித்துக்கொள்ள சர்க்காருக்கு இது ஒரு சாக்கு" என்று தோழர்கள் கேட்பார்கள். கேட்க வேண்டியதுதான். திரையைக் காட்டி ஒரு டாக்டர் பதவியைக் காலியாக வைத்தால், ஒரு நர்சைக் குறைத்தால், அந்த இடத்திலேயே மறிக்க வேண்டும். பிரசவம், நெஞ்சுவலி, எலும்பு முறிவு, விஷம் இவற்றுக்குத் திரை டாக்டராகாது. ஆனால் யந்திரத்தோடு நமக்கு என்ன பகை? இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாதாமாதம் அதே மாத்திரைக்கு வரிசையில் நிற்பவர், சேற்றுப்புண்ணைக் காட்ட வந்தவர், ஊசி போட்டபின் எப்படியிருக்கிறது என்று சொல்ல வந்தவர் இவர்களெல்லாம் கூலி இழக்காமல் சாயந்திரம் ஆறு மணிக்கு உள்ளூரில் பார்த்துக்கொண்டால், காலையில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டருக்கு உண்மையான நோயாளியைத் தொட்டுப் பார்க்க நேரம் கிடைக்கும். 2021ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் வீடுகளுக்கே மாத்திரையைக் கொண்டுபோய்க் கொடுத்துக் காட்டியது. மாத்திரை வாசல்வரை போக முடியும் என்றால் டாக்டரின் முகம் போக முடியாதா?

இன்னொரு கூட்டத்தையும் மறக்கக் கூடாது. டெல்டா வயல்களில் மேற்கு வங்காளத்திலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள் நாற்று நடுகிறார்கள். ஏஜெண்டு கொண்டுவந்து இறக்குகிறார். நடவு முடிந்ததும் ஏற்றிக்கொண்டு போகிறார். அவர்களுக்குக் காய்ச்சல் வந்தால் நம் நர்சம்மாவுக்கு வங்காளி தெரியாது. அவர்களுக்குத் தமிழ் தெரியாது. நெஞ்சைத் தொட்டுக் காட்டினால் நெஞ்செரிச்சலா, நெஞ்சுவலியா? வங்காளி பேசும் டாக்டரை இங்கே கொண்டுவந்து வைக்க முடியாது, திரையில் கொண்டுவரலாம். உள்ளூர்த் தொழிலாளியின் கூலியைக் குறைக்க அவர்களைக் கொண்டுவருகிறார்கள் என்ற கோபம் நமக்கு உண்டு. கோபம் ஏஜெண்டிடம் இருக்கட்டும், காய்ச்சல்காரரிடம் வேண்டாம்.

கிராமசபையில் கேளுங்கள்

சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணைச் சுகாதார நிலையம் என்பது சர்க்காரே வகுத்த கணக்கு. தமிழ்நாட்டில் அப்படி 8,700க்கு மேல் உண்டு. கட்டிடம் இருக்கிறது. பல ஊர்களில் அது ஊர்த்தெருவில் இருக்கிறது. கூலித் தொழிலாளர் குடியிருப்பு வாய்க்காலுக்கு அப்பால் இருக்கிறது. அந்தச் சிறு தூரத்தை நாம் நன்றாக அறிவோம். வாரத்துக்கு இரண்டு நாளாவது திரையும் நர்சும் குடியிருப்புக்கே, அங்குள்ள பள்ளிக்கூடத்துக்கே வரட்டும்.

கிளைத் தோழர்கள் முதலில் தங்கள் ஊர் நிலையத்துக்குப் போய்ப் பார்க்க வேண்டும். திரை வேலை செய்கிறதா, பூட்டிய பீரோவில் இருக்கிறதா? சிக்னல் கிடைக்கிறதா? மின்சாரம் போனால் பேட்டரி உண்டா? டாக்டர் எழுதும் மருந்து அங்கேயே அலமாரியில் இருக்கிறதா, டவுனில் போய் வாங்கச் சொல்கிறார்களா? நர்சம்மாவிடம் மரியாதையாகக் கேளுங்கள். அவர் தலையில் எத்தனை ரிஜிஸ்டர் சுமை என்பதையும் கேளுங்கள். பாதி ஊர்களில் அவரே நமக்கு முன்னால் புகார் சொல்வார்.

பிறகு விஷயத்தைக் கிராமசபையில் வையுங்கள். நடவு, அறுவடை மாதங்களில் சாயந்திரம் ஐந்து மணியிலிருந்து எட்டு மணிவரை திரையில் டாக்டர் இருக்க வேண்டும் என்பது முதல் தீர்மானம். அதற்கு வேறு நர்ஸ் போட வேண்டும்; இருக்கிறவரின் நேரத்தை நீட்டக் கூடாது. எலிக்காய்ச்சல் மாத்திரையும் விஷமுறி மருந்தும் எங்கே, எத்தனை இருக்கின்றன என்று நிலையத்து வாசலில் பலகையில் எழுதிப் போடவேண்டும் என்பது இரண்டாவது. தீர்மானப் புத்தகத்தில் எழுதி, நம்பர் போட்டு, கையெழுத்து வாங்கி, ஒரு நகலை வட்டார மருத்துவ அலுவலருக்கு அனுப்புங்கள். கூட்டத்துக்குப் பெண்களை அழைத்துப் போங்கள். நடவு நடுகிறவர்கள் அவர்கள்தான். சம்பா நடவுக்கு முன்னால் வருவது ஆகஸ்டு 15 கூட்டம்.